குளத்தைப் பார்

ஆறங்குலக் குழாய் என்று கேட்டு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து அளந்து பாருங்கள். வெளி விட்டம் 168.3 மில்லிமீற்றர் இருக்கும். ஆறு அங்குலமும் எட்டில் ஐந்து பங்கும். உள் விட்டமும் ஆறு இல்லை. சுவரின் தடிப்பைப் பொறுத்து அது கூடும், குறையும். ஆறு என்பது குழாயின் பெயர், அவ்வளவுதான். பதினொரு வருடம் இரும்போடு கிடந்துவிட்டு, நாற்பத்தாறு வயதில் இதை முதல் தடவையாகக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சொன்னவர் சிரிக்கவில்லை.

"இது தெரியாமலோ தம்பி சோதினைக்குப் போனனீ?"

போனேன், தோற்றேன். அதனால்தான் அவருடைய கராஜில் போய் நின்றேன்.

அந்தப் பதினொரு வருடமும் கனடாவில், ஸ்காபுரோவில் ஒரு தொழிற்சாலையில் கிட்டங்கிகளுக்கான இரும்புச் சட்டங்கள் ஒட்டினேன். மிக் வெல்டிங். துவக்கின் விசையை அழுத்தினால் கம்பி தானாக வரும். சட்டம் மேசையில் படுத்திருக்கும். நான் நின்றபடி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் இழுத்தால் போதும். என் மூட்டுகளை மேற்பார்வையாளர் புதிதாக வந்த பெடியளுக்குக் கூப்பிட்டுக் காட்டியதும் உண்டு. ஆகவே வெல்டிங் தெரியும் என்று நான் நம்பியதில் யாரும் குறை காண முடியாது.

ஸ்காபுரோவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் ரூஜில் வீடு வாங்கிக் குடிவந்த பிறகுதான் குழாய் ஆசை பிடித்தது. இங்கே ரூஜ் ஆறு ஏரியில் விழும் இடத்துக்குக் கிழக்கே சில கிலோமீற்றரில் பிக்கரிங் அணுமின் நிலையம், 1971இல் மின்சாரம் தரத் தொடங்கியது. அதற்கும் அப்பால் டார்லிங்டன். அங்கே 2016இல் உலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் புதுப்பிக்கத் தொடங்கினார்கள். ஓர் உலைக்கு 480 எரிபொருள் வாய்க்கால்கள். ஒவ்வொரு வாய்க்காலுக்கும் கனநீர் உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய். ஓர் உலைக்கு 960. மாலையில் பூங்காப் பக்கம் நடக்கப் போனால் எங்கள் ஆட்களிடம் இந்தக் கதைதான். குழாய் ஒட்டத் தெரிந்தவன் வீட்டில் இருக்கத் தேவையில்லை என்றார்கள்.

ஒன்ராறியோவில் இதற்கு முறையான வழி உண்டு. ஸ்ரீம்ஃபிற்றர் என்ற நீராவிக் குழாய்த் தொழிலுக்கு ஏறத்தாழ 9000 மணி நேரப் பயிற்சி, ஐந்து வருடம். வெல்டருக்கு 6000. இரண்டிலும் வகுப்பறைக்கு 720 மணி மட்டுமே, மிச்சம் எல்லாம் வேலைத்தலம். குழாய்த் தொழிலாளரின் சங்கமான யு.ஏ. லோக்கல் 46 ஸ்காபுரோவிலேயே, வார்டன் வீதியில்தான் இருக்கிறது. இருபது வயதுப் பிள்ளை கேட்டால் அந்தக் கதவைத் தட்டு என்றுதான் சொல்வேன். எனக்கு வயது போய்விட்டது, வீட்டுக் கடன் இருந்தது, அவசரமும் இருந்தது. குழாய் வேலை செய்யும் ஒரு சின்னப் பட்டறை, சோதனையில் தேறினால் எடுக்கிறோம் என்றது. அது பட்டறைக்குள் செய்யும் வேலை, ஸ்ரீம்ஃபிற்றர் பத்திரம் கேட்கவில்லை. போய் நின்றேன்.

அந்தச் சோதனைக்கு 6ஜி என்று பெயர். குழாயை 45 பாகை சரிவில் பூட்டி வைத்திருப்பார்கள். அதைச் சுழற்றவோ சரிக்கவோ கூடாது. நாம்தான் அதைச் சுற்ற வேண்டும். மணிக்கூட்டு முகம் போல நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணியில், அடிப்பக்கத்தில், உருகிய இரும்பு முகத்தில் விழப் பார்க்கும் நிலையில் தொடங்கி, ஒன்பது மணியில் செங்குத்தாக ஏறி, பன்னிரண்டில் விட வேண்டும். திரும்பவும் கீழே வந்து மறுபக்கம் மூன்று மணி வழியாக ஏற வேண்டும். குழாய் சரிந்து நிற்பதால் உருகல் எந்த இடத்திலும் நேராக நில்லாது, தாழ்ந்த பக்கத்துக்கு ஓடும். ஓர் இடத்தில் படிந்த கைக்கோணம் இரண்டங்குலம் தாண்டியதும் பிழையாகிவிடும்.

முடிந்த பிறகு குழாயிலிருந்து நாலு கீலம் வெட்டி, இரண்டை உட்பக்கம் வெளியே வரும்படியும் இரண்டை வெளிப்பக்கம் வெளியே வரும்படியும் லாடம் போல மடிப்பார்கள். 3 மில்லிமீற்றருக்கு மேல் பிளவு கண்டால் தோல்வி. என் கீலம் ஒன்று மீன் வாய் திறந்ததுபோலத் திறந்தது. மேலே பார்க்க என் ஒட்டு அவ்வளவு வடிவாக இருந்தது என்பதுதான் கொடுமை.

தோற்ற பிறகு நான் போய் நின்ற கராஜ்காரரை ரூஜில் 'சீமெந்து அண்ணை' என்பார்கள். எழுபது தாண்டியவர். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் பெடியனாகச் சேர்ந்து ஒட்டப் பழகியவர். 1950இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை 1990இல் யுத்தத்தால் நின்றுபோனது. அதற்கு முன்பே அவர் வளைகுடாவுக்குப் போய்விட்டார். குழாயை அங்கேதான், ஒரு திருச்சிக்காரரிடம் கற்றாராம். திருச்சியில் 1965 முதல் பி.எச்.இ.எல். என்ற பெல் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை இருக்கிறது. 1975இல் வெல்டிங்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையமும் அங்கே வந்தது. ஒரு பெரிய கொதிகலன் என்றால் பல்லாயிரம் குழாய் மூட்டுகள். அந்த ஊரில் குழாய் ஒட்டுகிறவர்களுக்குப் பஞ்சம் இல்லாமல் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். திருச்சிக் கைப்பாடம் வளைகுடா வழியாக ரூஜில் ஒரு கராஜுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அந்தக் கராஜில் கார் நின்று நான் பார்த்ததில்லை. துணி உலர்த்தும் மெஷினின் பிளக்கில் ஓடும் ஒரு வெல்டிங் மெஷின், பழைய இரும்புக் கடையில் எடுத்த குழாய்த் துண்டுகள், ஒரு மூலையில் பழுதான குளிர்சாதனப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் ஒரு மின்குமிழ் இரவு பகலாக எரியும். 7018 என்ற வெல்டிங் குச்சிகளை ஈரம் பிடிக்காமல் அதில்தான் வைத்திருந்தார். இது பழகுவதற்கு மட்டும், வேலைத்தலத்தில் இப்படிச் செய்தால் துரத்துவார்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அங்கே 120 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக நிற்கும் அடுப்புப் பெட்டி வேண்டும். குச்சியின் பூச்சில் ஈரம் ஏறினால் அதிலிருந்து ஹைட்ரஜன் உருகலுக்குள் போகும். ஒட்டு ஆறிச் சில மணி நேரம், சில வேளை ஒரு நாள் கழித்துக்கூட உள்ளுக்குள் வெடிக்கும். அப்போது ஒட்டியவன் வீட்டில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருப்பான்.

முதல் இரவு அவர் மெஷினைப் போடவே விடவில்லை.

"வெறும் குச்சியோடை ஒருக்காச் சுத்திக் காட்டு."

ஆறு மணியிலிருந்து பன்னிரண்டு வரை வெறும் குச்சியைக் கொண்டுபோனேன். ஏழரையில் என் முழங்கை விலாவில் இடித்தது, ஒன்பதில் குச்சி ஆடியது, பத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் பின்னால் நின்று என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலை ஏன் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு என்னைத் தள்ளி நிறுத்தி, தோளைக் குழாய் பூட்டிய தூணில் சாயவைத்து, இடது கையை வலது மணிக்கட்டுக்கு அடியில் கொடுத்து, திரும்பச் சுற்றச் சொன்னார். முப்பது நாற்பது தடவை சுற்றியிருப்பேன். மார்கழிக் குளிரில், புகையே இல்லாத கராஜின் கதவை அரைவாசி திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பேர் ஒரு குழாயைத் தடவிக்கொண்டிருந்ததைப் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் என்னவென்று நினைத்தாரோ.

இரண்டாம் இரவு மெஷின் ஓடியது. குழாய் விளிம்புகளைச் சரிவாகச் சீவி, நுனியில் ஒரு மெல்லிய தட்டை விட்டு, இரண்டுக்கும் நடுவே அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு இடைவெளி வைத்து, நாலு இடத்தில் 'பொட்டு' வைத்தோம். பொட்டு என்பது அவருடைய சொல். பட்டறையில் டாக் என்பார்கள். பொட்டின் இரண்டு முனையையும் கிரைண்டரால் இழைத்து மெலிதாக்கச் சொன்னார். தடித்த பொட்டில் போய் முட்டினால் உருகல் அதற்கு மேலால் ஏறிப் போகும், உள்ளே பிடிக்காது. சோதனையில் நான் இழைக்காமல் போனவன்.

"நெருப்பைப் பாக்காதை. குளத்தைப் பார்."

நெருப்புக்குப் பின்னால் தேங்கி நிற்கும் உருகலுக்கு அவர் வைத்த பெயர் குளம். குளத்தின் அலைகரை இரண்டு பக்கச் சரிவையும் நனைக்கிறதா என்று பார்க்க வேண்டும். நனையாத கரை பிடிக்காத கரை. முதல் சுற்றுக்கு 6010 குச்சி. அது குளத்தின் முன்னால் இடைவெளியைக் கொஞ்சம் தின்று ஓர் ஓட்டை போடும். அதற்குத் 'திறப்போட்டை' என்பார். ஓட்டை பெருத்தால் குச்சியை ஒரு வெட்டு முன்னால் எடுத்துக் குளத்தை ஆறவிட வேண்டும்; சிறுத்தால் உள்ளே அழுத்த வேண்டும். ஓட்டை சரியாக இருந்தால் சத்தமே மாறும். குழாய்க்குள் யாரோ ஊதுவதுபோல ஒரு பொந்துச் சத்தம். அந்தச் சத்தத்தை நான் கேட்டது மூன்றாவது வாரத்தில்.

ஏன் அவ்வளவு நாள்? இங்கேதான் என் பதினொரு வருடத்தின் கணக்கு வருகிறது. மிக் துவக்கில் கம்பி வந்துகொண்டே இருக்கும். கை ஒரே தூரத்தில் நின்றால் போதும். குச்சி அப்படி இல்லை. எரிய எரியக் கட்டையாகும். கை பக்கவாட்டில் போகிற அதே நேரத்தில் குழாயை நோக்கி இறங்கியும் வரவேண்டும். என் கை இறங்க மறுத்தது. பதினொரு வருடமாக இறங்காமல் இருக்கத்தான் அதைப் பழக்கியிருந்தேன். குச்சி கட்டையாக ஆக நெருப்பு நீளும். நீண்ட நெருப்பில் காற்று புகுந்து, குளம் குமிழி விட்டு, கரை நனையாமல் போகும். பழகினால் வரும் என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். பிழையும் பழகப் பழகத்தான் வருகிறது, அதுவும் நல்ல உறுதியாக வருகிறது. பக்கத்தில் நின்று பார்க்க ஆள் இல்லாத மணிக்கணக்கைப் பயிற்சி என்று நான் இனிமேல் எழுதமாட்டேன்.

அண்ணை அதற்குச் செய்த வைத்தியம் எளிது. ஒரு வாரம் முழுக்கக் குழாயைத் தொடவிடாமல், ஒரு தகட்டில் குச்சியை ஓரிடத்தில் வைத்து, நகராமல், இறங்க மட்டும் பழக்கினார். தகட்டில் ஒவ்வொரு தடவையும் ஒரு முட்டுக் குவியும். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கோ இரவிரவாப் போறியள்?" என்றாள்.

இறக்கம் சரியாகியும் அடிப்பக்கத்தில், ஆறரை மணிக்குக் கிட்ட, திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் பிழைத்தது. மின்னோட்டத்தைக் கூட்டினேன், குறைத்தேன், குச்சியை மாற்றினேன். அண்ணை ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு மருந்துப் போத்தலை என் முகத்துக்கு முன்னால் நீட்டி வாசிக்கச் சொன்னார். கையை நீட்டித் தூரப் பிடித்தேன்.

"தம்பி, உனக்கு வெள்ளெழுத்து. நீ குளத்தைக் காணேல்லை, இவ்வளவு நாளும் குத்துமதிப்பா ஒட்டியிருக்கிறாய்."

அடுத்த நாள் கடையில் ஒரு மலிவு வாசிப்புக் கண்ணாடி வாங்கித் தலைக்கவசத்துக்குள் போட்டுக்கொண்டேன். குளத்துக்கு அலைகரை இருந்தது! எத்தனை புத்தகம் படித்திருந்தாலும் எனக்கு இந்த ஒன்று தெரிய வந்திருக்காது. என் கையைப் பார்க்காமல் நான் கழுத்தை நீட்டுகிற விதத்தைப் பார்த்த ஒருவர் வேண்டியிருந்தது.

வேலை முடிந்ததும் மெஷினை நிறுத்திவிட்டு உடனே போக விடமாட்டார். அரை மணி நேரம் நெருப்புக் காவல். எங்காவது ஒரு பொறி விழுந்து கனன்றால் தெரிய வேண்டும். தேத்தண்ணி அப்போதுதான் வரும். திருச்சிக்காரர் தன்னை இரண்டு மாதம் கிரைண்டர் மட்டும் பிடிக்கவைத்த கதை, மடித்த கீலத்தைச் சட்டைப் பையில் தாயத்துப்போல வைத்துக்கொண்டு திரிந்த கதை எல்லாம் அந்த அரை மணியில் கேட்டவை. குழாயின் உட்பக்கத்தை டோர்ச் அடித்துப் பார்ப்பதும் அப்போதுதான். வெளிப்பக்கத்தை அவர் கடைசிவரை மெச்சவில்லை. "அது ஆக்களுக்குக் காட்டுறதுக்கு" என்பார். நீராவி தொடுவது உட்பக்கத்தை.

பங்குனியில் திரும்பப் போனேன். நாலு கீலமும் மூடியபடியே மடிந்தன. தேறிவிட்டேன் என்று அண்ணைக்குப் போன் பண்ணினால், எது உட்பக்கம் வெளியே வரும் வேர் மடிப்பு, எந்த மணியில் வெட்டினவை என்று கேட்டாரே தவிர வாழ்த்துச் சொல்லவில்லை. இந்தத் தகுதிக்கு ஒரு விதி உண்டு: ஆறு மாதம் அந்த முறையில் ஒட்டாமல் இருந்தால் அது காலாவதியாகும். கை மறக்கும் என்பது விதி எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

இப்போது சனிக்கிழமைகளில் அதே கராஜில் ஓர் இளம் பெடியனுக்குப் பின்னால் நான் நிற்கிறேன். அண்ணை கதிரையில் இருக்கிறார். என் கண் தானாகவே பெடியனின் ஒட்டுக்குத்தான் போகிறது. காலைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லவேண்டியிருக்கிறது. இன்னும் வரவில்லை.

இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்கள் காசு கட்ட முன்னர் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒரு வாரத்தில் எத்தனை மணி நேரம் குச்சி எரியும்? எரியும்போது பின்னால் யார் நிற்பார், அவர் எத்தனை பேருக்குப் பின்னால் நிற்பார்? நாற்பது தாண்டியவர்கள் அதற்கும் முதல் ஒரு கண்ணாடி வாங்குங்கள்.