வந்த பூவும் வந்த சீட்டும்

தன் முகத்தைக் காண்பதற்கே கண்ணாடியை நாடுபவன் மனிதன். மனத்தைக் காண்பதற்கும் அவன் ஏதேனும் ஒரு பொருளைத் துணைக்கு அழைப்பதில் வியப்பில்லை.

கொழும்பு கிராண்ட்பாஸில், ஒடுங்கிய தோட்டமொன்றில் வாழும் பெண்ணொருவர், நாடோறும் அலுவலகம் புறப்படுமுன் டாரட் சீட்டொன்றை எடுத்துப் பார்ப்பார். கனடாவிலிருந்து வந்த தமையன் மகள் விட்டுச்சென்ற கட்டு அது. வருவதை முன்னறியும் நோக்கம் அவருக்கில்லை. வந்த படத்தை நோக்கி, மனத்தில் எழுவதை அப்பியாசக் கொப்பியில் இரண்டு வரி எழுதுவார்; அவ்வளவே.

அவருடைய தாயார் இதனை ஏற்பதில்லை. “சூதாடுற கடதாசியில சாமி பேசுமோ?” என்பார். அக்கூற்றில் வரலாற்று உண்மையும் உண்டு. 78 சீட்டுகள் கொண்ட டாரட், 15ஆம் நூற்றாண்டு வட இத்தாலியில் தோன்றிய விளையாட்டே. எகிப்திய ஞானம் அதில் மறைந்துள்ளதென 1781இல் பிரான்சில் கூர் த ஜெபலின் எழுதினார். அதற்குச் சான்று இல்லை. ஆயினும், குறி பார்க்கும் வழக்கம் அதன்பின்னரே பெரிதும் பரவிற்று. இன்று பலரும் கையாளும் படங்கள், 1909இல் இலண்டனில் வெளிவந்த கட்டுக்காக பமிலா கோல்மன் ஸ்மித் வரைந்தவை.

தாயாருக்கும் ஒரு வழி உண்டு. ஐயம் நேரும்போது முருகன் சந்நிதியில் பூக்கட்டிப் பார்ப்பார். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே பொதிந்து வைத்து, குழந்தையொன்றைக் கொண்டு ஒன்றை எடுப்பிப்பார். தமிழருக்கு இது புதிதன்று. மெய்கண்டாரின் தந்தையார் அச்சுத களப்பாளர், மகப்பேறு வேண்டித் திருமுறையில் கயிறு சாத்திப் பார்த்தார் என்பது சைவ மரபு.

சென்ற ஆண்டு, வீட்டை விற்றுவிட்டுத் தாயுடன் கனடா வந்துவிடுமாறு தமையனார் வற்புறுத்தினார். மகள் பல மாதம் தயங்கினார். ஒரு காலை அவர் கைக்கு வந்தது ‘வாள் ஆறு’ என்னும் சீட்டு. ஓடக்காரன் ஒருவன், முக்காடிட்ட பெண்ணையும் குழந்தையையும் ஆற்றைக் கடத்திச் செல்கின்றான். ஓடத்தில் ஆறு வாள்கள் நாட்டப்பட்டுள்ளன. கிராண்ட்பாஸ் என்ற பெயரே பெருந்துறை எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது. களனியாற்றில் 1822இல் படகுப்பாலம் அமையும்வரை அங்கும் ஓடமே மக்களை அக்கரை சேர்த்தது. அத்துறையில் வாழ்பவருக்கு இச்சீட்டு வந்தால், ‘புறப்படு’ என்பதே பொருளெனக் குறிசொல்வோர் கூறிவிடுவர்.

அவர் கண்ணோ அப்பெண்ணின் குனிந்த முதுகிலேயே நிலைத்தது. முகம் தெரியவில்லை. அன்று கொப்பியில் ஒரே வரி எழுதினார்: ‘இவளை யாராவது கேட்டார்களா?’

அன்று மாலை தாயின் அருகில் அமர்ந்து, “அம்மா, உங்களுக்குப் போக விருப்பமோ?” என்றார்.

தாயார் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், “பூக்கட்டிப் பாத்து ரெண்டு மாசமாச்சு, பிள்ளை. வெள்ளை வந்தால் போறது எண்டு நினைச்சு வைச்சன். வெள்ளைதான் வந்தது. கண்டதும் நெஞ்சு விறைச்சுப் போச்சு. அதுதான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை” என்றார்.

பூ ‘போ’ என்றது. நெஞ்சு ‘வேண்டாம்’ என்றது. தெய்வ வாக்கெனக் கொண்ட பூவையும் மீறி எழுந்த அந்த நடுக்கமே தாயின் விடையாயிற்று. சீட்டும் எதையும் முன்னுரைக்கவில்லை. கேளாதிருந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்க வைத்தது. விரும்பிய சீட்டு வரும்வரை கலைத்துக் கலைத்து எடுப்போரும், வந்த சீட்டின்மேல் பொறுப்பைச் சுமத்தித் தாம் விலகிக்கொள்வோரும் இழப்பது இப்பயனையே.

அன்றிரவு தாயும் மகளும் நெடுநேரம் பேசினர். சீட்டுக்கட்டு பெட்டியில் இருந்தது. எவரும் அதனைத் திறக்கவில்லை. மறுநாள் தமையனாருக்கு மறுமொழி சென்றது. வீடு விற்கப்படவில்லை.