கணக்குச் சரிதான்

ஆசிரியர் விடுதியொன்றில் சனிக்கிழமை இரவுகளில் நாம் போக்கர் ஆடியதுண்டு. முதலில் தீக்குச்சிகளை வைத்தே ஆடினோம். பின்னர் சதம் வந்தது. சதத்தின் பின்னே ரூபா வந்தது. கணிதம் கற்பிப்பவர் என்பதால், எப்போது பந்தயம் தகும் என்பதை இளைஞர்கள் எம்மிடமே கேட்பர். நாமும் பெருமையோடு விளக்குவோம்.

போக்கரை வெறும் அதிர்ஷ்டம் என்போர் அதனை அறியாதோர். கையில் இரண்டு சீட்டு, மேசையில் திறந்தவை நான்கு. இனித் திறக்க இருப்பது ஒன்றே. அந்த ஆறில் நான்கு ஒரே இனம். ஐந்தாவதும் அவ்வினமாயின் வெற்றி நமதே என்று கொள்வோம். நாம் காணாத சீட்டுகள் 46. அவற்றுள் உதவுவன 9, உதவாதன 37. எதிராளி வைத்ததும் சேர்ந்து மேசையில் 2000 ரூபா கிடக்கிறது. தொடர்ந்து ஆட நாம் 400 ரூபா வைக்கவேண்டும். ஒரு வெற்றிக்கு நான்கு தோல்விக்குச் சற்று மேல். வென்றாற் கிடைப்பதோ வைத்ததைப்போல் ஐந்து மடங்கு. ஆகவே வைப்பதே சரி. ஐந்தில் ஏறக்குறைய நான்கு முறை தோற்போம் என்று அறிந்தும் வைப்பதே சரி! பலனைக் கொண்டு தீர்மானத்தை அளக்கலாகாது என்பது இவ்வாட்டத்தின் அரிச்சுவடி. பரீட்சைப் புள்ளியைக் கொண்டு பிள்ளைகளை அளக்கும் எமக்கு அது எளிதிற் பிடிபடவில்லை.

பொய்க்கும் இங்கே கணக்குண்டு. ஹங்கேரியிற் பிறந்த கணித மேதை ஜோன் வொன் நியூமன், ஒஸ்கார் மோர்கன்ஸ்டேர்னுடன் 1944இல் வெளியிட்ட நூலில் போக்கரை ஆராய்ந்தார். மிக வலிய சீட்டுடனும் மிக மெலிந்த சீட்டுடனும் பந்தயத்தை உயர்த்துக, நடுத்தரச் சீட்டுடன் அடங்கியிரு என்பது அவர் கண்டது. பொய்யே சொல்லாதவனின் பலத்தை எதிராளி எளிதில் அறிந்துவிடுவான் அன்றோ! (அணுகுண்டைச் செய்த லொஸ் அலமொஸிலும் இதே மூளை உழைத்தது.)

இக்கணக்குகள் யாவும் 'நீண்ட காலத்தில்' என்ற ஒரு சொல்லின்மேல் நிற்பவை. நீண்ட காலம் மேசையில் இருக்க யாரால் முடியும்? நாணயத்தைச் சுண்டி ஒவ்வொரு ரூபாவாகப் பந்தயம் வைக்கும் இருவரை எண்ணுக. ஒருவனிடம் 10 ரூபா, மற்றவனிடம் 90. ஒருவன் கை வெறுமையாகும்வரை ஆடினால், 10 ரூபாக்காரன் அனைத்தையும் இழக்கும் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூறு. நாணயத்தில் வஞ்சகமில்லை, விதியும் இருவர்க்கும் ஒன்றே.

இதனையும் நாம் படித்தே இருந்தோம். ஆயினும், சம்பளம் கிடைத்த வாரத்துச் சனியன்று அது நினைவில் எழவில்லை. மேசையில் இளம் ஆசிரியர் ஒருவர். ஊரில் அவரது தாயும் இரு தங்கைகளும் அந்தச் சம்பளத்தை எதிர்பார்த்திருந்தனர். எதிரே, முந்திய வாரம் பெருந்தொகை தோற்றுச் சிரித்தபடி எழுந்துபோன கொந்தராத்துக்காரர் ஒருவர். மேலே சொன்னது போன்ற கட்டம் அன்று மூன்று முறை வந்தது. மூன்று முறையும் இளைஞர் சீட்டைச் சரித்து எமக்குக் காட்டினார். மூன்று முறையும் தலையசைத்தோம். மூன்றும் தவறும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். மேசையிற் கிடந்த காசை எண்ணினோமேயன்றி, அவர் பையில் மிஞ்சியதை நாம் கேட்கவில்லை.

விறாந்தையில் நின்று அவர் கேட்டார்:

"மாஸ்டர், நான் எங்கை பிழை விட்டனான்?"

"ஒரு பிழையும் விடேல்லைத் தம்பி" என்றோம். அது உண்மை.

அவர் வீட்டுக்கு அம்மாதக் காசுக்கட்டளையை நாமே எடுத்து அனுப்பினோம். வேண்டாமென்று சொல்லியும் கேளாமல், ஏழு மாதங்களில் அதனைத் திருப்பித் தந்தார்.