பைக்குள்ள கிடந்த கரடி மணி

ஜப்பான்ல கரடி மணின்னு ஒண்ணு விக்கிறாங்க. முதுகுப்பையில மாட்டிக்கிட்டா நடக்க நடக்க சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். அதை நான் கூச்சப்பட்டு கழட்டி வெச்ச கதை இது. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

தம்பி செண்டாய்ல வேலை பார்க்கிறான். 2025 அக்டோபர்ல லீவு போட்டு அவனைப் பார்க்கப் போனேன். அங்கிருந்து ரயில்ல ஒரு மணி நேரம் போனா யமாதெரா. கி.பி. 860ல தொடங்கின மலைக்கோயில். ஆயிரம் படிக்கு மேல ஏறணும், ரெண்டு பக்கமும் அடர்ந்த காடு.

தம்பிதான் மணியை வாங்கிக் கொடுத்து அனுப்பினான். ஆனா அவ்வளவு அமைதியான கோயில்ல கிணிகிணின்னு போக ஒரு மாதிரி இருந்துச்சு. கழட்டி பைக்குள்ள போட்டுட்டேன்.

அடிவாரத்துல கடை வெச்சிருந்த ஒரு பாட்டி என் பையைக் காட்டி, மொபைல் மொழிபெயர்ப்புல கேட்டாங்க, "மணி இல்லையா?"

அவங்க வீட்டுப் பின்னாடி ஒரு பெர்சிமன் பழமரம் இருந்துச்சாம். பிள்ளைங்க டோக்கியோ போயிட்டாங்க, பழம் பறிக்க ஆளில்ல. பழுத்ததைத் தின்ன கரடி வந்துடுச்சு. மாமனார் வெச்ச மரத்தை வெட்டிட்டாங்களாம். சொல்லும்போது அவங்க என்னைப் பார்க்கல.

இதுதான் அங்க நடக்குறது. காட்டுல பீச் மரக் கொட்டை காய்க்காத வருஷம் கரடிக்குப் பசி. கிராமத்துல ஆளும் குறைஞ்சுபோச்சு. கரடி கீழ இறங்குது. 2023-24 நிதியாண்டுல ஜப்பான் முழுக்க கரடி தாக்கினது 219 பேரை, அதுல 6 பேர் இறந்துட்டாங்க. 2025 ஏப்ரல்ல இருந்து நவம்பருக்குள்ள இறந்தவங்க மட்டும் 13 பேர். அகிதா மாகாணத்துல கூண்டு தூக்க ராணுவத்தையே கூப்பிட்டாங்க.

பாட்டி பேசப் பேச எனக்கு வேற ஒரு முகம் ஞாபகம் வந்துச்சு. நான் வேலை பார்க்கிற மலையடிவார ஆஸ்பத்திரிக்கு, விறகு எடுக்கப் போனவர் முகத்துல துண்டு சுத்தி வந்தார். துண்டை எடுத்தப்போ ஒரு கண் இல்ல. கரடி பெரும்பாலும் முகத்தைத்தான் தாக்கும். அங்க கருங்கரடியும் அப்படித்தான். இது தெரிஞ்சும் மணியைக் கழட்டினவ நான்!

காட்டுப் பக்கம் போறவங்க நாலு விஷயம் மறக்காதீங்க:

1. சத்தம் கொடுத்துக்கிட்டே நடங்க. திடீர்னு எதிர்ல ஆளைப் பார்த்து மிரண்ட கரடிதான் அதிகம் தாக்குது. காதுல இயர்போன் வேண்டாம். விடியற்காலை, அந்தி நேரம் தவிர்த்துடுங்க.

2. தூரத்துல பார்த்தா ஓடாதீங்க. அது மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல ஓடும். கரடியைப் பார்த்தபடியே மெதுவா பின்வாங்குங்க. குட்டி நின்னா தாய் பக்கத்துலயே இருக்கும், கிட்ட போகாதீங்க.

3. மேல பாஞ்சுடுச்சுன்னா குப்புறப் படுங்க. ரெண்டு கையையும் கோத்து பின்கழுத்தை மூடுங்க. பையைக் கழட்டாதீங்க, முதுகுக்கு அதுதான் கவசம். முகம், கழுத்து ரெண்டும் தப்பிச்சா மீதியை நாங்க தைச்சுடுவோம்.

4. காயம் ஆயிடுச்சா? சுத்தமான துணியால அழுத்திப் பிடிங்க. வாய்ல ரத்தம் வந்தா மல்லாக்கப் படுக்க வைக்காதீங்க, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். காயம் சின்னதா தெரிஞ்சாலும் ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க.

பாட்டி கையாலயே மணியை என் பையில கட்டிவிட்டாங்க. பாதிப் படியில இறங்கி வந்த ஒரு பெரியவர் பையிலயும் மணி. ரெண்டு பேரும் தலை குனிஞ்சு வணக்கம் சொல்லிக்கிட்டோம், ரெண்டு மணியும் சேர்ந்து அடிச்சுது. கோயில் அமைதி ஒண்ணும் கெட்டுப்போகல.