முதுகிலிருந்தா, மூக்கிலிருந்தா?

திருப்பூரில் அரை இன்ச் என்பது லேசுப்பட்ட விஷயம் இல்லை. நீங்கள் போட்டிருக்கும் டி-ஷர்ட்டின் நெஞ்சளவு, நீளம், கழுத்து அகலம் எல்லாம் எங்கோ கடல் தாண்டி உட்கார்ந்திருக்கும் பையர் கொடுத்த அளவுத் தாளில் இருக்கும். எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்பதும் அதிலேயே இருக்கும். தாண்டினால் செக்கிங் டேபிளில் பீஸ் ஓரமாகப் போய்விடும். இப்படி டேப்பும் கையுமாக வாழ்கிற ஊரில், அந்தக் கறார் எட்டிப் பார்க்காத ஒரு இடம் உண்டு. பனியன் தைக்கிறவர்கள் குடியிருக்கும் லைன் வீட்டுச் சுவர்!

அருள்புரம் பக்கம் போயிருக்கிறீர்களா? திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் ரோட்டில் இருக்கிறது. சாயப்பட்டறைகள், அந்தக் கழிவுநீருக்கான பொது சுத்திகரிப்பு நிலையம், பனியன் கம்பெனிகள். சந்துக்குள் திரும்பினால் வரிசையாக லைன் வீடுகள். தெற்கத்தி ஜில்லாக்காரர்கள், பீகார்காரர்கள், ஒடிசாக்காரர்கள் என்று ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஆள் மாறினால் சுவருக்குப் பெயிண்ட்.

அங்கே ஒரு பெயிண்டர் எனக்குப் பழக்கம். கூலி சதுர அடிக் கணக்கு. அவருடைய பழைய புலம்பல் இது: “நான் அடிக்கறப்போ பெருசா இருக்கற செவுரு, அவங்க அளக்கறப்போ சிறுசாயிருதுங்ணா!”

முன்பு டேப். பிறகு ஒருநாள் கட்டட ஓனரின் சூப்பர்வைசர், சோப்பு டப்பா சைஸில் ஒரு லேசர் கருவியோடு வந்தார். பட்டனை அமுக்கினால் எதிர்ச் சுவரில் சிவப்புப் பொட்டு, திரையில் அளவு. “மெஷின் பொய் சொல்லாதுப்பா” என்று அவர் சொல்ல, அதோடு பேச்சு முடிந்தது.

மெஷின் என்ன செய்கிறது? நான் படித்தது பி.காம். பிசிக்ஸ் வாடையே கிடையாது. ஆனால் கணக்கு என்றால் விட மாட்டேன். ஒரு நொடியை நூறு கோடியாக நறுக்கினால், அதில் ஒரு துண்டு நேரத்தில் ஒளி கிட்டத்தட்ட ஒரு அடி போகும். பத்தடி தள்ளியிருக்கும் சுவருக்குப் போய்த் திரும்ப இருபது துண்டு. மில்லிமீட்டர் சுத்தமாக அளக்கணும் என்றால் அந்த ஒரு துண்டையும் 150 ஆக நறுக்க வேண்டும். அதற்குக் கடிகாரம் செய்தால் விலை எங்கேயோ போய்விடும். அதனால் ஒரு குறுக்கு வழி. லேசரின் பிரகாசத்தைச் சீராகக் கூட்டிக் குறைத்து அனுப்புகிறார்கள். திரும்பி வரும் ஒளி எவ்வளவு தாளம் தப்பி வருகிறது என்று பார்த்தால் தூரம் கிடைத்துவிடும். பி.டி. பீரியடில் லெஃப்ட்-ரைட் போடும்போது பின்னால் வருகிறவன் எவ்வளவு பிந்துகிறான் என்று காலைப் பார்த்தே சொல்லிவிடுவோமே, அந்த மாதிரி.

1969-ல் அப்போலோ 11 வீரர்கள் நிலாவில் கண்ணாடி வைத்துவிட்டு வந்தார்கள். அதற்கு லேசர் அடித்துத்தான் நிலா வருஷத்துக்குச் சுமார் 3.8 சென்டிமீட்டர் நம்மை விட்டு விலகுகிறது என்று கண்டுபிடித்தார்கள். 1993-ல் லைக்கா கம்பெனி கையடக்க லேசர் மீட்டரைக் கொண்டுவந்தது. 2020-ல் ஐபோனின் முதுகுக்கே லேசர் கண் வந்துவிட்டது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியபோது, தரை இன்னும் எவ்வளவு தூரம் என்று பார்த்துச் சொன்ன கருவிகளில் லேசரும் ஒன்று. அப்படிப்பட்ட சரக்கு அருள்புரத்தில் வந்து சுவரைக் குறைத்து அளக்குமா?

நம்ம பெயிண்டர் சண்டை போடவில்லை. ஆன்லைனில் இரண்டாயிரம் ரூபாய்க்குள் தானும் ஒன்று வாங்கினார். இரண்டு கணக்கையும் நோட்டில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். “நீளச் செவுத்துலயும் நாலு இஞ்ச் கம்மி, குட்டைச் செவுத்துலயும் அதே நாலு இஞ்ச்தான் கம்மி. ஒயரத்துலயும் நாலு. அதெப்படிங்ணா?”

எனக்குப் பொறி தட்டியது. அவர் கருவியை வாங்கி ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். நாலு இன்ச்!

இந்தக் கருவியில் ஒரு செட்டிங் உண்டு. அளவை அதன் முதுகிலிருந்து எண்ணுவதா, மூக்கிலிருந்து எண்ணுவதா? முதுகைச் சுவரில் ஒட்ட வைத்து அளக்கிறோம் என்றால் முதுகிலிருந்துதான் எண்ண வேண்டும். மூக்குக்கு மாற்றிவிட்டு முதுகை ஒட்ட வைத்தால், கருவியின் உடம்பு நீளம் கணக்கிலேயே வராது. மெஷின் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொல்கிறது.

நாலு இன்ச்தானே என்கிறீர்களா? பன்னிரண்டுக்குப் பத்து அறை, உயரம் பத்து. நாலு சுவரும் சேர்த்து 440 சதுர அடி. மூன்று அளவிலும் நாலு இன்ச் போனால் 412 தான். சதுர அடிக்குப் பத்து ரூபாய் என்று வைத்தாலும் ரூமுக்கு 270 ரூபாய்க்கு மேல் காலி. நாற்பது ரூம் என்றால் பதினோராயிரம்!

சூப்பர்வைசர் தெரிந்து செய்தாரோ, பட்டன் தவறி அமுங்கியதோ... அந்த விசாரணைக்கு நான் போகவில்லை. இரண்டு கருவியையும் ஒரே சுவரில் வைத்து, திரை மூலையில் இருக்கும் குட்டிப் படத்தைப் பெயிண்டர் காட்டினார். சூப்பர்வைசர் ஒன்றும் பேசாமல் மாற்றிக்கொண்டார். அந்த மாச பில் சரியாக வந்தது. முந்தின மாசங்களுக்கு? “போனது போனதுதானுங்க.”

அவருக்கு இன்னொரு மனக்குறை பாக்கி. “ஜன்னலை எல்லாம் கழிக்கறாங்க. கழிக்கறதா வேண்டாமான்னு இந்தப் பொட்டி சொல்லாதுங்களே?”

சொல்லாதுதான். ஆனால் ஐ.எஸ். 1200 என்று ஒரு இந்தியத் தர விதி இருக்கிறது; கட்டட வேலையை எப்படி அளப்பது என்பதற்கு. அரை சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் ஐந்தரை சதுர அடிக்குள் இருக்கும் திறப்புக்குக் கழிவே கிடையாது. லைன் வீட்டு ஜன்னல் பலதும் அதற்குள் அடங்கிவிடும். படித்துக் காட்டியதும் நோட்டையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார்.

“அதைத் தமிழ்ல, பெரிய எழுத்துல எழுதிக் குடுங்ணா.”