திருவுளக் குறிப்பு

உலகில் வாழ்வார் யாவரும் ஒருகால் இருவழி பிரியுமிடத்து வந்து நின்று, இவற்றுள் எது இறைவன் திருவுளத்திற்கு உவப்பாம் என அறியாது தியங்குவர். மகட்கு மணம் பேசுந் தந்தையும், பிணியுற்ற கணவனருகே இரவெல்லாம் விழித்திருக்கும் மனைவியும், துறவு பூணக் கருதும் இளைஞனும் இந்நிலையை நன்கறிவர். அப்பொழுது சிலர் திருமுன்பு பூக்கட்டி வைத்துப் பார்ப்பர். சிலர் திருவுளச்சீட்டு எடுப்பர். சிலர் திருமுறையிற் கயிறு சாத்திப் பார்ப்பர். இவை அன்பின்வழி நிகழ்வனவே. ஆயினும், சீட்டெடுக்கு முன்னரே நெஞ்சம் ஒன்றைத் துணிந்திருத்தலும், வந்தது மாறுபடின் மீண்டும் ஒருமுறை எடுத்துப் பார்த்தலும் உண்டு. அங்ஙனஞ் செய்வார் திருவுளத்தை வினவினாரல்லர். தம் விருப்பத்திற்கு இறைவனது இசைவை வேண்டினாராவர்.

இவ்விரண்டற்கும் உள்ள வேறுபாட்டினை இனிது விளக்கும் வரலாறு சைவர்க்குப் புதியதன்று. 13-ஆம் நூற்றாண்டில் விளங்கிய மெய்கண்ட தேவர் அவதரித்த வரலாறே அது.

திருப்பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் நெடுநாள் மகப்பேறின்றி வருந்தித் தம் குலகுருவாகிய சகலாகம பண்டிதரை அடைந்து குறையிரந்தனர். பண்டிதர் தாமாக ஒன்றுங் கூறாது, தேவாரத் திருமுறையை வழிபட்டுக் கயிறு சாத்தினார். திருவெண்காட்டு முக்குளத்தில் நீராடுவார் மகப்பேறும் தாம் நினைந்த பிற வரங்களும் பெறுவர் என்னுங் கருத்தமைந்த திருஞானசம்பந்தர் திருப்பாட்டு வந்தது. களப்பாளர் மனைவியாரோடு அத்தலஞ் சென்று, முக்குளத்தில் மூழ்கிப் பெருமானை நாடோறும் வழிபட்டு வந்தனர்.

ஓரிரவு இறைவன் கனவில் தோன்றி, இப்பிறவியில் மகப்பேறு எய்துதற்குரிய வினை அவர்க்கு இல்லை என உணர்த்தியருளினான் என்பர். திருமுறை உண்டென்றது; கனவு இல்லையென்றது. இரண்டும் இறைவன்பாலனவே. இவ்விடத்துப் பிறராயின், திருப்பாட்டுப் பொய்த்ததெனக் கைவிடுவர். அன்றேல் கனவினை மனமயக்கமெனத் தள்ளுவர். களப்பாளர் இவ்விரண்டுஞ் செய்திலர். தாம் தம் வினையை நம்பி வந்தவரல்லர் என்றும், ஆளுடைய பிள்ளையார் திருவாக்கை நம்பியே வந்தவர் என்றும், இப்பிறவியிற் பலியாதாயின் வரும்பிறவியிலேனும் அது பலிப்பதாக என்றும் விண்ணப்பித்தனர். இறைவன் திருவுள்ளம் மகிழ்ந்து வரமருளினான். சுவேதவனப் பெருமாள் என்னுந் திருப்பெயரோடு பிள்ளை பிறந்தது.

கொடுக்கத் திருவுளங்கொண்டவன் முன்னர் மறுத்தது என்னையெனின், அம்மறுப்பே வேட்கையைத் தூய்மை செய்தது என்க. தமக்கோர் மகவு வேண்டும் என்று நீராடத் தொடங்கியவர், அருள்வாக்கு மெய்யாதல் வேண்டும் என்னும் அளவிற்கு உயர்ந்தனர். வாக்கினைப் பற்றி நின்றார். காலத்தையும் பயனையும் இறைவன்பால் விட்டார். அங்ஙனம் விட்டபொழுது வந்த பயனோ அவர் இரந்ததனினும் பெரிது.

இவ்வரலாறு இவ்வளவில் முடிந்திலது. அப்பிள்ளை திருவெண்ணெய்நல்லூரில் மாமன் இல்லத்தில் வளர்ந்து, பரஞ்சோதி முனிவர்பால் உபதேசம் பெற்று, சிவஞானபோதத்தைப் பன்னிரு சூத்திரங்களால் அருளி, மாணவர்க்கு மெய்ப்பொருள் உணர்த்தியிருந்தது. தம் மாணாக்கரும் அங்குச் செல்லக் கண்ட சகலாகம பண்டிதர் தாமும் ஆண்டுச் சென்று, ஆணவத்தின் வடிவு யாதென வினவினர். மெய்கண்டார் அவரையே சுட்டிக் காட்டினர். பண்டிதர் அக்கணமே அடி வீழ்ந்து, அருணந்தி சிவாசாரியராய்ச் சிவஞானசித்தியார் அருளினார்.

ஈண்டு ஊன்றி நோக்குக. பிறர் மனைக்குத் திருவுளக் குறிப்புக் காணக் கயிறு சாத்திய கை அவரது கை. அக்குறிப்பின் பயனே குருவடிவாய் எதிரே வீற்றிருந்தபொழுது, கற்றுவல்ல அவர்க்கும் அது உடனே புலனாகவில்லை. குறிப்பு வாராமையன்று குறை. வந்ததனை யான் என்னும் முனைப்பு மறைத்து நிற்றலே குறை. கண் தன் ஒளியொன்றாற் காணாது. ஞாயிற்றின் ஒளியோடு கூடியே காணும். உயிரும் அங்ஙனமே திருவருளோடு கூடியே அறியும். ஆதலின், வழியைக் காட்டுக என்று இரப்பதற்கு முன், காணவொட்டாது மறைப்பதனை நீக்குக என்று இரத்தல் முறையாம்.

இனி, உள்ளத்தில் எழுவதொன்று திருவுளக் குறிப்போ தன் விழைவோ என ஐயுறின், அருள்நூல், குருமொழி, தன் அனுபவம் என்னும் மூன்றானும் ஓர்ந்து காண்க. அருள்நூலொடு மாறுபடுவதனைக் கனவிற் கண்டதென்றே கொள்ளற்க. மேற்கொண்டபின் செருக்கினை வளர்ப்பதனையும் ஐயுறுக. மாறுபட்டன போலத் தோன்றும் இரண்டும் உளவாயின், களப்பாளரைப்போல் அவசரத்தை விட்டுப் பொறுத்திருக்க.

யாதொரு குறிப்பும் தோன்றாதவழிச் செய்யத்தக்கது யாதெனின், சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரம், இறைவனோடு ஒன்றாகி அவன் பணியில் வழுவாது நிற்கும் நெறியினைக் கூறுகின்றது. பிணியுற்ற கணவனருகே விழித்திருப்பவள் திருவைந்தெழுத்தை நெஞ்சிற் கொண்டு, வேண்டும்பொழுது நீரும் மருந்தும் அளித்துக்கொண்டிருப்பாளாயின், விடிவதன் முன்னரே அவள் திருவுளத்தின்வழி நிற்பவளேயாவள்.

திருச்சிற்றம்பலம்.