தனுஷ்கோடி கஸ்டம்ஸ் ஆபீஸ்

வானகரம் மீன் மார்க்கெட்ல இன்னைக்கு ராமேஸ்வரத்துக்காரர் ஒருத்தர்கிட்ட பேசிட்டிருந்தேன்.
அவரோட தாத்தா, தனுஷ்கோடி கஸ்டம்ஸ் ஆபீஸ் வாசல்ல மூட்டை தூக்கினவராம்.
அப்பலேர்ந்து மனசு அங்கேயே கெடக்கு.

1914லேர்ந்து அங்க ரயில் ஓடுச்சு.
எழும்பூர்ல போட் மெயில் ஏறி, தனுஷ்கோடில பெட்டியைத் திறந்து காட்டிட்டு, கப்பல்ல தலைமன்னார்.
கொழும்பு வரைக்கும் ஒரே டிக்கெட்!

1964 டிசம்பர் 22 ராத்திரி புயல்.
பாம்பன்லேர்ந்து வந்த பாசஞ்சர் ரயிலையே அலை இழுத்துட்டுப் போயிடுச்சு. ஊரும் போச்சு.

மிச்சமிருக்கிற சர்ச் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்க.
பவளக்கல்லு. பூப் பூவா வரி தெரியும்.
அதுமேல ஆணியால பேரு கிறுக்கி வச்சிருக்காங்க. வயிறு எரியுது.

2017ல அரிச்சல்முனை வரைக்கும் ரோடு வந்தாச்சு, கூட்டமும் வந்தாச்சு.
அந்தச் சுவர் இன்னும் எத்தனை மழைக்குத் தாங்கும்?