பெயர் பொறிக்காத கல்

நான் செய்த பிரயாணங்கள் பல. நெஞ்சை விட்டு அகலாதது காஞ்சனபுரிப் பிரயாணமே.

ஜப்பானியர் 1942, 1943ஆம் ஆண்டுகளில் போட்ட 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதையில் மாண்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் ஏறக்குறைய 7,000 பேர் அங்கே துயில்கின்றனர். கற்களில் பெயரும் படைப்பிரிவும் காணலாம். போற்றத்தக்க செய்கையே! ஆனால், மலாயாத் தோட்டங்களினின்று கொண்டுபோகப்பட்டு மடிந்த பல்லாயிரம் தமிழருக்கு அம்மயானத்தில் ஒரு கல்லும் இல்லை.

அவர்களுள் ஒருவர் என் பாட்டனார். செய்தி ஏதும் வராமையால் பாட்டியார் இறுதிவரை பொட்டை அழிக்கவில்லை. இரவுதோறும் ஒரு பிடி சோறு எடுத்து வைப்பார்.

தோழர்களே! படையலுக்குச் செலவிடுவதில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வீட்டு முதியோரைக் கேட்டு, போனவர் பெயரை எழுதி வையுங்கள். அதுவன்றோ நீத்தார் கடன்!